டிராக்டரின் டேஷ்போர்டைக் கழற்றுமுன் கவனிக்க வேண்டியவை

உழவு, கதிரடிப்பு, பாரம் ஏற்றிச் செல்லுதல் எனப் பல வேலைகளுக்கும் டிராக்டர் பயன்படுகிறது. அதன் என்ஜின் எந்த நிலையில் உள்ளது என்பதை ஓட்டுபவருக்குக் காட்டுபவை டேஷ்போர்டில் உள்ள மீட்டர்களே. ஆயில் அழுத்த மீட்டர் வேலை செய்யவில்லையென்றால், ஆயில் அழுத்தம் குறைவது நமக்குத் தெரியாது. சிறிது நேரத்திலேயே பேரிங்குகள் தேய்ந்து என்ஜின் இறுகிவிடும். எனவே மீட்டர் பழுதை உடனே கவனிக்க வேண்டும். ஆனால், முன்னேற்பாடு இன்றி டேஷ்போர்டைக் கழற்றினால், ஒரு மீட்டரைச் சரிசெய்யப் போய் மற்றவையும் கெட்டுவிடும்.

கழற்றுவது அவசியமா?

எல்லா மீட்டர்களும் ஒரே சமயத்தில் நின்றுவிட்டால் முதலில் பியூஸையும் எர்த் ஒயரையும் பாருங்கள். ஒரு மீட்டர் மட்டும் நின்றிருந்தால் அதற்குரிய சென்சாரையும் ஒயரையும் பாருங்கள். மின்சாரத்தால் இயங்கும் வெப்ப மீட்டரை எளிதில் சோதிக்கலாம். என்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பி, சென்சாரில் உள்ள ஒயரைக் கழற்றி, என்ஜினில் பெயிண்ட் இல்லாத இடத்தில் ஓரிரு நொடி தொட வேண்டும். பெரும்பாலான டிராக்டர்களில் முள் சூட்டுப் பக்கம் ஏறும். ஏறினால் மீட்டரும் ஒயரும் நன்றாக உள்ளன, பழுது சென்சாரில்தான். டேஷ்போர்டைத் தொட வேண்டியதே இல்லை.

உத்தரவாதக் காலம் முடியாத டிராக்டரையும், எண்களால் காட்டும் மின்னணு மீட்டர் உள்ள டிராக்டரையும் விற்பனையாளரின் பணிமனைக்கே கொண்டு செல்லுங்கள்.

முன்னேற்பாடுகள்

1. சமதளத்தில் டிராக்டரை நிறுத்தி, கலப்பையைத் தரையில் இறக்கி, பிரேக்கைப் பூட்டுங்கள். சாவியை எடுத்துவிடுங்கள். என்ஜின் நன்கு ஆறட்டும்.

2. கை மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி வையுங்கள். பாட்டரியிலிருந்து எளிதில் தீப்பிடிக்கும் வாயு வெளிவருவதால் அருகில் பீடி, தீக்குச்சி கூடாது.

3. பாட்டரியில், டிராக்டரின் உடலோடு இணைந்த எர்த் ஒயரை முதலில் கழற்றுங்கள். இன்றைய டிராக்டர்களில் இது நெகட்டிவ் முனையாகும். பாசிட்டிவ் முனையை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் இரும்பில் பட்டால் பெரும் தீப்பொறி எழும்.

4. ஒவ்வொரு ஒயரிலும் டேப் ஒட்டி எண் எழுதுங்கள். எந்த ஒயர் எங்கே இருந்தது என்பதைத் தாளில் படமாக வரைந்துகொள்ளுங்கள். கைப்பேசியில் படம் எடுத்தாலும் சரி.

5. ஸ்குருக்களைக் கழற்றிய வரிசையிலேயே தனித்தனி டப்பாக்களில் வையுங்கள். நீளமான ஸ்குருவைக் குட்டையான ஸ்குரு இருந்த இடத்தில் முடுக்கினால் பின்னால் உள்ள ஒயர் துளைபடலாம்.

பின்புறம் உள்ளவை

ஸ்குருக்களை எடுத்தவுடன் டேஷ்போர்டை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. சிறிது நகர்த்தி, பின்னால் பிடித்திருப்பவை எவை என்று பாருங்கள்.

பழைய டிராக்டர்கள் சிலவற்றில் வெப்ப மீட்டரிலிருந்து என்ஜினுக்கு ஒரு மெல்லிய குழாய் செல்லும். அது மடிந்து ஒடிந்தால் மீட்டரையே மாற்ற வேண்டும். ஆயில் அழுத்த மீட்டருக்கு ஆயில் குழாயே வந்தால், அடியில் துணி வைத்துக் கழற்றி, முனையை மூடி வையுங்கள். மணி மீட்டரின் கேபிளை, அதன் மூடியைத் திருகி விடுவித்த பிறகே எடுக்க வேண்டும். ஆம்ப் மீட்டருக்கு வரும் தடித்த ஒயரில் பல டிராக்டர்களில் பியூஸ் கிடையாது. பாட்டரி இணைப்பு இருக்கும்போது இது இரும்பில் பட்டால் ஒயர்க் கட்டு முழுவதும் எரியக்கூடும்.

மீண்டும் பூட்டும்போது

படத்தைப் பார்த்து ஒயர்களை இணைத்து, பாட்டரியின் எர்த் ஒயரைக் கடைசியாகப் பூட்டுங்கள். என்ஜினை ஓட்டி ஆயில் மீட்டரைக் கவனியுங்கள். சில நொடிகளில் முள் ஏறாவிட்டால் என்ஜினை உடனே நிறுத்தி மெக்கானிக்கை அழையுங்கள்.

வேலை குறைந்த நாட்களிலேயே இப்பழுதுகளைப் பார்த்துவிட்டால், பருவம் தொடங்கும்போது டிராக்டர் நின்று உழவு தாமதமாவதைத் தவிர்க்கலாம்.