குதிரைமசாலின் வேர்ப் புரதங்களும் குளிர் தாங்கும் ஆற்றலும்

லூசர்ன் என்றும் அல்பால்பா என்றும் பிற நாடுகளில் வழங்கப்பெறும் குதிரைமசால், ஒருமுறை விதைத்தால் பல ஆண்டுகள் பயன் தரும் தீவனப் பயிராகும். சமவெளிகளில் இதனைப் பயிரிடுவோருக்குக் கடுங்குளிர் ஒரு பொருட்டன்று. லடாக்கிலோ நிலைமை வேறு. சுமார் 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில், குளிர்கால இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்திற்குக் கீழ் 20 சென்டிகிரேட் பாகைக்கும் தாழ்வதுண்டு. கோடையில் அறுத்து உலர்த்தி, வீட்டுக் கூரைமீது அடுக்கி வைக்கும் தீவனமே அங்குக் கால்நடைகளுக்குக் குளிர்கால உணவு. நிலத்தடியிலுள்ள வேர் பிழைத்தால்தான் மறு ஆண்டும் அறுவடை உண்டு.

எல்லாச் செடிகளும் ஒருங்கே மடிவதில்லை என்பதை விவசாயிகள் நெடுநாளாகவே அறிவர். 1857ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பாடன் பகுதியிலிருந்து அமெரிக்காவின் மின்னசோட்டாவில் குடியேறிய வெண்டலின் கிரிம் என்பவர், தாம் கொண்டுசென்ற விதையை விதைத்தார். ஆண்டுதோறும் செடிகள் பல குளிரில் மடிந்தன. அவர் சலிப்படையாது, எஞ்சியவற்றின் விதையையே சேர்த்து மீண்டும் மீண்டும் விதைத்தார். பின்னர் அவர் பெயராலேயே புகழ்பெற்ற குளிர் தாங்கும் இரகம் இவ்வாறு உருவாயிற்று. பிழைத்த செடியின் வேரில் என்ன வேறுபாடு இருந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் குளிர் செய்யும் தீங்கை அறிதல் வேண்டும். பனிக்கட்டி பெரும்பாலும் உயிரணுக்களுக்கு வெளியேயுள்ள இடைவெளிகளில்தான் முதலில் தோன்றுகின்றது. அது அணுக்களின் உள்ளிருந்து நீரை இழுத்துக்கொள்கின்றது. அணு நீரிழந்து சுருங்க, அதன் சவ்வுகள் சிதைகின்றன. எனவே உறைபனியால் மடியும் வேர், ஒருவகையில், வறட்சியால் மடியும் வேரே எனலாம்.

இலையுதிர் காலத்தில் பகற்பொழுது குறுகி, வெப்பநிலை படிப்படியாகத் தாழும்போது செடி இத்தீங்கிற்கு ஆயத்தமாகின்றது. ஆங்கில நூல்களிற் காணும் சொல்லைக் 'கடினமாதல்' என்று அப்படியே பெயர்த்தால், வேர் கெட்டியாகிவிடுவதாக மாணாக்கர் கருதக்கூடும். ஆகவே 'பதப்படுதல்' என்றே இங்கு வழங்குகிறோம். பதப்படும் வேரில் மாவுச்சத்தின் ஒரு பகுதி கரைந்து சர்க்கரைகளாகின்றது. கரையும் புரதங்களும் பெருகுகின்றன. மரப்பட்டைகளில் இத்தகைய புரதப் பெருக்கத்தை 1949இல் சிமினோவிச், பிரிக்ஸ் என்னும் இருவர் விளக்கினர். குதிரைமசாலின் வேரில் பருவந்தோறும் நிகழும் இரசாயன மாறுதல்களை விஸ்கான்சினில் டேல் ஸ்மித்தும் அவருடைய கூட்டாளிகளும் 1950களிலும் 1960களிலும் ஆராய்ந்தனர்.

இப்புரதங்கள் யாவும் ஒரே தொழிலைச் செய்வன அல்ல. இதனை வற்புறுத்திக் கூறுதல் அவசியம். ஏனெனில், 'புரதம் மிகுந்தால் குளிர் தாங்கும்' என்னும் எளிய வாய்பாடு தவறான முடிவுகளுக்கு இட்டுச்செல்லும். ஒரு வகை, காக்கும் புரதங்கள். 1989இல் மான்ட்ரியாலின் மக்கில் பல்கலைக் கழகத்தார், குளிரில் பதப்படும்போது முனைந்து செயற்படும் மரபணுக்கள் சிலவற்றைக் குதிரைமசாலிலிருந்து பிரித்தெடுத்தனர். அவற்றின் செயற்பாடு, பல்வேறு இரகங்களின் உறைபனி தாங்கும் ஆற்றலோடு இயைந்திருந்தது. குளிரில் தோன்றும் புரதங்களுட் சில நீரை விரும்பும் இயல்பின. நீரிழந்த அணுவில் சவ்வுகளையும் பிற புரதங்களையும் சிதையாமற் காப்பனவாகக் கருதப்படுகின்றன.

மற்றொரு வகை, சேமிப்புப் புரதங்கள். 15, 19, 32 கிலோடால்டன் நிறையுள்ள இவை ஆணிவேரில் இலையுதிர் காலத்தே குவிகின்றன. வசந்தத்தில் புதுத்தளிர் தோன்றும்போது கரைந்து நைட்ரஜனை அளிக்கின்றன. அமெரிக்காவின் பர்டியூவிலும் பிரான்சின் கான் நகரிலும் நிகழ்ந்த ஆராய்ச்சிகள் இவற்றை விளக்கின. வேரின் மாவுச்சத்தே மறுதளிர்ப்புக்கு முழு முதல் என்று அதற்குமுன் நம்பப்பட்டது. குறியிட்ட அணுக்களைக் கொண்டு சோதித்தபோது, வேரின் கார்பனிற் பெரும்பகுதி சுவாசத்திற்கே செலவாவதும், நைட்ரஜன் தளிருக்குச் செல்வதும் தெரியவந்தன. இவ்விரு வகைகளுக்கும் இடையே திட்டமான சுவர் இல்லை போலும்: 32 கிலோடால்டன் புரதம் பூஞ்சைகளின் கைட்டினைச் சிதைக்கும் என்ஸைமாகவும் இயங்குவது 2004இல் வெளியாயிற்று.

களப் பணியாளர் கவனிக்க வேண்டியது கடைசி அறுவடையையே. செடியை அறுத்தவுடன் வேர் தன் சேமிப்பைச் செலவிட்டுத் தளிர்க்கத் தொடங்கும். குளிர் தொடங்குமுன் அதை ஈடுசெய்யப் போதிய நாட்கள் இல்லையெனில், வேர் வெறுங்கையோடு குளிர்காலத்துட் புகுகின்றது. ஆதலால் இலைகளைக் கருக்கும் முதற்கடும்பனிக்கு முன் நான்கு முதல் ஆறு வாரங்கள் பயிரை அறுக்காது விடுதல் வேண்டுமென்பது குளிர்நாடுகளில் வழங்கும் பழைய விதி. தீவனப் பற்றாக்குறையுள்ள விவசாயியிடம் இதைக் கூறுவது எளிதன்று. எதிரே நிற்கும் பசுந்தழையை விட்டுவைக்கும்படி கேட்கிறோம். மடிந்த வேர் ஒன்றைக் காட்டுவது, பேச்சைவிட அவருக்கு நன்கு விளங்கும்.

வசந்தத்தில் வயலின் பல இடங்களில் செடிகளைத் தோண்டி, ஆணிவேரை நீளவாக்கில் கத்தியாற் பிளந்து பார்க்கலாம். உயிருள்ள வேர் உறுதியாகவும் வெண்மையாகவும் இருக்கும். குளிரில் மடிந்தது பழுப்பேறி, நீர்கோத்து, நார்நாராகப் பிரியும். பள்ளி ஆசிரியர்கள், உரிய காலத்தில் அறுத்த பாத்தியிலிருந்தும் காலந்தாழ்த்தி அறுத்த பாத்தியிலிருந்தும் பத்துப் பத்து வேர்களை மாணாக்கரைக் கொண்டு பிளக்கச் செய்து, வெண்மையானவற்றை எண்ணிக் கரும்பலகையில் எழுதி வைக்கலாம்.