காற்று குடியிருக்கும் வீடு

வீடு அழகாய் விளங்க விலையுயர்ந்த பொருள்கள் வேண்டுமா? புதுச்சேரியிலுள்ள ஒரு கட்டடம், 'வேண்டா' என்கிறது. அதுவே அரவிந்தர் ஆசிரமத்தின் 'கோல்கொண்ட்' விடுதி. செக் நாட்டில் பிறந்த அன்டனின் ரேமண்ட் வரைந்த திட்டப்படி 1937-இல் கட்டத் தொடங்கினர். ஜார்ஜ் நகஷிமா உடனிருந்து மேற்பார்த்தார்.

அதன் வடக்கிலும் தெற்கிலும் சுவருக்குப் பதிலாகத் திருப்பக்கூடிய கிடைப்பலகைகள் உள்ளன. அவை வெயிலைத் தடுத்துக் காற்றை உள்ளே விடும். அறைகளின் தேக்குக் கதவுகளிலும் காற்றுக்கு வழியுண்டு. செட்டிநாட்டுச் சுண்ணப்பூச்சு, கடப்பைக்கல் தரை, தேவைக்கு மட்டும் மரச்சாமான்கள். 1950-களில் உலகெங்கும் பரவிய நவீன வீடுகளின் கவர்ச்சியும் இத்தகைய எளிமையே.

தோழியரே! மாகறலில் நம் பாட்டியர் வாழ்ந்த ஓட்டு வீடுகளை நினைத்துப் பார்ப்போம். திண்ணை நிழல் தந்தது. முற்றம் வெளிச்சம் தந்தது. அவற்றை இடித்துவிட்டுப் பெட்டி போன்ற வீடு கட்டுகிறோம். மின்சாரம் நின்றால் தவிக்கிறோம். குறை கான்கிரீட்டில் இல்லை. கோல்கொண்டும் கான்கிரீட்டால் ஆனதன்றோ? குறை நம் திட்டத்தில்தான்.

ஆகவே, நம் இல்லத்தில் புதுவீட்டுப் பேச்சு எழும்போது, பெற்றோரிடம் நாம் பணிவுடன் முதலில் கேட்போம்: "அப்பா, காற்று எந்தப் பக்கமிருந்து வரும்?"