கங்கையும் மகரமும்

கங்கா தேவியின் திருவுருவைக் கோயில் சிற்பங்களில் தரிசித்தவர்கள், அவள் மகரம் என்னும் நீர்வாழ் பிராணியின்மீது எழுந்தருளியிருப்பதைக் கண்டிருப்பார்கள். பகவத்கீதையின் விபூதி யோகத்திலும் இவ்விரண்டும் சேர்ந்தே வருகின்றன. பத்தாம் அத்தியாயம் 31ஆம் சுலோகத்தில், மீனினங்களுள் தாம் மகரம் என்றும், நதிகளுள் ஜாஹ்னவி என்றும் பகவான் அருளுகிறார். நதியை வணங்குபவன் அதில் வாழும் உயிரையும் இறைவனின் மகிமையாகக் காண வேண்டும் என்பது இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

மகரம் எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. முதலை என்பாரும் உளர். சுறா என்பாரும் உளர். இன்றைய கங்கையில் நீர்வாழ் உயிர்களின் பிரதிநிதியாக விளங்குவது டால்பின். 2009ஆம் ஆண்டு அது தேசிய நீர்வாழ் விலங்காக அறிவிக்கப்பட்டது. அதற்குக் கண்பார்வை அநேகமாக இல்லை. தான் எழுப்பும் ஒலியின் எதிரொலியைக் கேட்டே வழியறிந்து இரை தேடுகிறது. ஆழமான நீர், நிறைந்த மீன்வளம், தடையற்ற ஓட்டம் ஆகிய மூன்றும் அதன் வாழ்வுக்கு ஆதாரம். தடுப்பணைகள் அதன் கூட்டங்களைப் பிரிக்கின்றன. நீர் கால்வாய்களுக்குத் திருப்பப்படுவதால் கோடையில் அதன் மடுக்கள் சுருங்குகின்றன. வலையில் சிக்கினால், மூச்சுவிட மேலே வர இயலாமல் மடிகிறது. 2025ஆம் ஆண்டு வெளியான கணக்கெடுப்பில் கங்கை, பிரம்மபுத்திரா மற்றும் அவற்றின் துணையாறுகளில் 6,324 டால்பின்களே பதிவாயின. மீன் அருகினால் டால்பின் பட்டினி கிடக்கும். கரையில் வாழும் மீனவன் வீட்டிலும் உலை எரியாது.

‘பாவம் போக்கும் கங்கையை மாசு தீண்டுமா?’ என்று சிலர் வினவுவர். தேவதா தத்துவத்தை எந்த மாசும் தீண்டாது என்பது உண்மையே. ஆத்மாவும் நோயுறுவதில்லை, ஆயினும் நோயாளிக்கு மருந்து தராமல் நாம் இருப்பதில்லை. உடல் ஆத்மாவுக்கு உபாதியாவதுபோல, ஓடும் நீர் தேவிக்கு உபாதி. அதைப் பேணுவதே சேவை.

அந்த உபாதி நாம் நீராடும் படித்துறையளவில் முடிவதன்று. கங்கையின் நீர்ப்பிடிப்புப் பரப்பு பாரதத்தின் நிலப்பரப்பில் கால்பங்குக்கும் மேற்பட்டது. சிவபெருமான் கங்கையின் வேகத்தைத் தம் ஜடையில் தாங்கி மெல்ல விடுவித்தார் என்கிறது புராணம். இமயத்தின் காடுகளும் இப்பணியையே செய்கின்றன. மழையை ஏற்று மண்ணில் இறக்கிச் சுனைகளாக மெல்ல வெளிவிடுகின்றன. காடு அழிந்தால் மழைக்காலத்தில் வெள்ளமும் கோடையில் வறட்சியுமே எஞ்சும். விந்தியத்தின் வடபுறத்து நீரும் கங்கையையே நாடுகிறது. இந்தூர் நகரின் கழிவு க்ஷிப்ரா, சம்பல், யமுனை ஆகிய நதிகளின் வழியே பிரயாகையில் கங்கையைச் சேரும். கங்கையைக் கண்ணால் காணாதவரும் இவ்வாறு அவளுடன் தொடர்புடையவரே.

யாத்திரை செல்பவர் நதியில் சோப்பு, பிளாஸ்டிக், பழந்துணி ஆகியவற்றை விடாதிருப்பது நல்ல நியமம். ஆனால் பூஜை வீட்டிலேயே தொடங்குகிறது. தன் வீட்டுக் கழிவுநீர் எந்த ஆற்றைச் சென்றடைகிறது என்று ஒவ்வொரு சாதகனும் விசாரித்தறிவதே அதன் முதல் அங்கம்.