ஜோடி ஆட்டத்தில் தனி எண்ணா?

கேள்வி: இணையத்தில் பிரிட்ஜ் ஆடுகிறேன். செஸ்ஸில் உள்ளதுபோல ஒவ்வொருவருக்கும் எல்லாரும் பார்க்கும்படி ஒரு ரேட்டிங் இருந்தால் நல்லதுதானே?

பதில்: செஸ்ஸில் நீங்கள் தனி ஆள். தோற்றால் பழிபோட வேறு ஆளில்லை. 1970-ல் உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே ஏற்றுக்கொண்ட எலோ ரேட்டிங் முறை இன்றுவரை நிலைத்திருக்க அதுவும் ஒரு காரணம். பிரிட்ஜில் எதிரே ஒரு கூட்டாளி உட்கார்ந்திருக்கிறாரே! அவர் ஏலத்தில் உளறினால் உங்கள் எண்ணும் சேர்ந்து சரியும்.

ஓகேபிரிட்ஜ் என்ற இணையதளத்தில் ‘லேமன்’ ரேட்டிங் என்று ஒன்று இருந்தது. கூட்டாளி, எதிராளிகளின் பலத்தையும் சேர்த்தே கணக்கிடும். கணக்கு கெட்டிக்காரத்தனமானதுதான். ஆனால் எண்ணைப் பார்த்தபின் மனிதர்கள் சும்மா இருப்பார்களா? புதியவரோடு உட்கார யாருக்கும் மனம் வராது. ஒரு தவறுக்கே முகம் சுளிப்பார்கள்.

பிரிட்ஜ் பேஸ் ஆன்லைன் என்ற தளத்தில் நேரெதிர்: கத்துக்குட்டி முதல் உலகத்தரம் வரை தகுதியை அவரவரே போட்டுக்கொள்ளலாம். அடக்கமானவர் குறைத்துப் போடுவார். மற்றவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. போட்டிகளில் வென்றால் பிரிட்ஜ் சங்கங்கள் தரும் மாஸ்டர் பாயிண்டோ பொதுவாக வயதைப்போல, ஏறுமே தவிர இறங்காது.

என் கட்சி இதுதான்: எண் இருக்கட்டும், ஆனால் உங்களுக்கும், மேசை சேர்த்துவிடும் கணினிக்கும் மட்டும் தெரியட்டும். நிரந்தர ஜோடிகளுக்கு வேண்டுமானால் ஜோடியின் பெயரிலேயே வெளிப்படையாகத் தரலாம். அதுவரை, புதுக் கூட்டாளியிடம் அவருடைய ஏல முறையை முதலிலேயே கேட்டுவிடுங்கள். நாலு கை ஆடுவதற்குள் ஆள் யாரென்று ஓரளவு பிடிபட்டுவிடும்.