காயின் தண்ணீர்க் கணக்கு

தென்காசி,
மார்கழி.

அன்புப் பேரனுக்கு,

தாத்தா எழுதுவது.  

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது மனதிலேயே நிற்கிறது. பீன்ஸ் பொரியல் குழைந்துபோய், பச்சை நிறம் மங்கி, அடியில் தண்ணீர் நின்றது என்றாய். பாதியைக் கொட்டிவிட்டு ஹோட்டல் பார்சல் வாங்கியதாகவும், "எனக்கு இதெல்லாம் வராது தாத்தா" என்றும் சொன்னாய். வரும் ஐயா. எனக்கு 58 வயதில் வந்தது, உனக்கு 23 வயதில் வராதா?

நான் அடுப்படிக்குள் போன கதை உனக்கு முழுதாகத் தெரியாது. நான் ஓய்வு பெற்ற வருடம் ஆச்சி கிணற்றடியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள். மூன்று மாதம் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்றார்கள். அதுவரை நான் வெந்நீர்கூட வைத்ததில்லை. முதல் நாள் அவரைக்காய் வாங்கி வந்து நறுக்கி, ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி மூடி வைத்தேன். கூழாகத்தான் இறங்கியது. ஆச்சி ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டாள். மறுநாள் காலையில் கட்டிலை அடுப்படி வாசலுக்கு நேராக இழுத்துப் போடச் சொன்னாள்.

அங்கே படுத்தால் சட்டி கண்ணுக்குத் தெரியாது. காதாலும் மூக்காலும்தான் அவள் என்னை நடத்தினாள். "கடுகு அடங்கிட்டு, உளுந்தம்பருப்பைப் போடுங்க." "வாசம் வந்துட்டு, வத்தலைக் கிள்ளிப் போடுங்க." "சத்தம் மாறிட்டு பாருங்க, தண்ணி வத்திட்டு, கிண்டி விடுங்க." அவள் சொன்ன பிறகு எட்டிப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் அவள் சொன்னபடியேதான் சட்டியில் இருக்கும்.

அந்த மூன்று மாதத்தில் நான் படித்த பாடம் ஒன்றுதான். பொரியல் என்பது தண்ணீர்க் கணக்கு. குழம்பிலும் கூட்டிலும் தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் சரிக்கட்டிவிடலாம். பொரியலில் அந்த இடம் கிடையாது. எல்லாக் காய்க்குள்ளும் தண்ணீர் இருக்கிறது. அது எவ்வளவு, எப்போது வெளியே வரும், எப்போது வற்றும் என்று தெரிந்தவன் கையில் எந்தக் காயும் பொரியலாகிவிடும். நீ வீடியோவில் பார்த்துச் செய்தது தப்பில்லை. ஆனால் அவர்கள் ஊற்றிய அளவு அவர்களுடைய காய்க்கும் அடுப்புக்கும் உரியது. உன் சட்டியின் கணக்கை நீதான் பார்க்க வேண்டும்.

முட்டைக்கோசுக்குத் தண்ணீரே ஊற்றாதே. உப்புப் போட்ட இரண்டு நிமிடத்தில் அதுவே தண்ணீர் விடும். புடலங்காயும் அப்படித்தான். இந்த இரண்டுக்கும் ஒரு கைப்பிடி பாசிப்பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்துச் சேர்ப்பது ருசிக்கு மட்டுமில்லை, காய் விடும் தண்ணீரைப் பருப்பு குடித்துக்கொண்டு வேகும் என்பதற்காகவும்தான். வெண்டைக்காயைக் கழுவி, துணியால் ஒத்தி, நன்றாகக் காய்ந்த பிறகு நறுக்கு. மூடி போடாதே. ஈரம் பட்டால் வழவழப்புக் கூடும். கொத்தவரங்காயை உப்புப் போட்டு அரைவேக்காடு வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்துவிட்டால் கசப்பு குறையும். கீரைக்கு உப்பைக் கடைசியில் போடு. சட்டி நிறையக் கிடக்கும் கீரை வதங்கி ஒரு பிடியாகிவிடும். முதலிலேயே அந்த அளவைப் பார்த்துப் போட்டால் உப்புக் கரித்துவிடும்.

பீன்சும் கேரட்டும் கெட்டிக் காய்கள். இவற்றுக்குக் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கத்தான் வேண்டும். நீ கோட்டை விட்ட பீன்சிலிருந்தே தொடங்குவோம்.

ஒரு ஆளுக்கு, இரண்டு வேளைக்கு, 200 கிராம் போதும். வளைத்தால் 'டக்'கென்று ஒடிகிற பிஞ்சாகப் பார்த்து வாங்கு. முதலில் கழுவு, பிறகு நறுக்கு. எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருக்கட்டும். ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருந்தால், பெரியது வேகும்போது சிறியது குழைந்துவிடும். இரும்புச் சட்டி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் அடி கனத்த எந்தச் சட்டியும் போதும். சட்டியில் ஈரம் இருக்கக் கூடாது.

இரண்டு தேக்கரண்டி எண்ணெய். காய்ந்ததும் அரைத் தேக்கரண்டி கடுகு. கடுகு வெடிப்பது எதனால் தெரியுமா? அதற்குள் இருக்கும் துளி ஈரம் ஆவியாகித் தோலைக் கிழித்துக்கொண்டு வருவதால்தான். தண்ணீர்க் கணக்கு அங்கேயே தொடங்கிவிடுகிறது. வெடிச் சத்தம் அடங்கும்போது ஒரு தேக்கரண்டி உளுந்தம்பருப்பு. தீயைக் குறைத்துவிடு. பருப்பு பொன்னிறமாகும் வரை வேறு வேலை பார்க்காதே. சிவந்துகொண்டு வரும்போதே ஒரு மிளகாய் வத்தலைக் கிள்ளிப் போட்டு, ஒரு கொத்து கறிவேப்பிலையை உருவிப் போடு. ஒரு சிட்டிகை பெருங்காயம், நறுக்கிய சின்ன வெங்காயம் ஐந்தாறு. வெங்காயம் கண்ணாடி போலானதும் காயைப் போடு.

இனிமேல்தான் நீ தவறிய இடம். காயை இரண்டு மூன்று நிமிடம் திறந்தபடியே வதக்கு. காய்க்குள் இருக்கும் புளிப்புச் சத்து முதல் சூட்டில் ஆவியோடு வெளியேறும். மூடி போட்டால் அது மூடியில் பட்டுத் திரும்பச் சட்டிக்குள்ளேயே சொட்டி, பச்சை நிறத்தைப் பழுப்பாக்கிவிடும். பிறகு உப்புப் போட்டு, கையால் நாலைந்து தடவை தண்ணீர் தெளி. ஊற்றாதே, தெளி. அதன் பிறகு ஐந்து நிமிடம் மூடு, தீ சிறிதாக இருக்கட்டும். நடுவில் ஒரு தடவை திறந்து கிளறு. ஒட்டுவதுபோல் இருந்தால் இன்னும் இரண்டு தெளிப்பு. ஒரு துண்டை எடுத்து நகத்தால் அழுத்திப் பார். நகம் இறங்க வேண்டும், துண்டு நசுங்கக் கூடாது. அந்தப் பதம் வந்ததும் மூடியை எடுத்துவிட்டுக் காதைக் கொடு. தண்ணீர் இருக்கும் வரை சட்டி சலசலக்கும். வற்றி எண்ணெய் மட்டும் மிஞ்சியதும் அந்தச் சத்தம் சுருங்கிப் பொரபொரவென்று கேட்கும். ஆச்சி கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டது அந்தச் சத்தத்தைத்தான். அடுப்பை அணைத்துவிடு.

அணைத்த பிறகுதான் தேங்காய். மூன்று மேசைக்கரண்டி துருவலைத் தூவி, இரண்டு புரட்டுப் புரட்டு. சட்டியின் சூடே அதற்குப் போதும். தேங்காயின் பால் துருவலுக்குள்ளேயே இருக்கும் வரைதான் அந்த இனிப்பும் மணமும். தீயில் வைத்து வறுத்தால் பால் வற்றிச் சக்கையாகிவிடும். துருவும்போது வெள்ளையோடு நிறுத்திக்கொள், ஓட்டை ஒட்டிய பழுப்புத் தோல் வரை போகாதே. தேங்காயை உடைத்தால் கண் உள்ள மூடியை முதலில் எடு, அதுதான் முதலில் கெடும். துருவி டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்துக்கொண்டால் இரண்டு வாரத்துக்குக் கவலையில்லை. சமைக்கத் தொடங்கும்போதே வேண்டியதை வெளியே எடுத்து வைத்துவிடு. உறைந்தபடியே போட்டால் அதுவும் தண்ணீர் விடும்.

ஆபீசுக்கு எடுத்துப் போவதானால் மட்டும் தேங்காயைப் போட்டபின் சின்னத் தீயில் ஒரு நிமிடம் புரட்டு, பச்சைத் தேங்காய் மதியத்துக்குள் சளித்துவிடும். ஆறிய பிறகே டப்பாவை மூடு. சூட்டோடு மூடினால் மூடி வேர்த்து, அந்தத் தண்ணீர் பொரியலில் சொட்டும். நீ வற்றவைத்ததெல்லாம் வீண்.

நீ இருக்கும் புனேயில் நம்மூர்க் காய் கிடைக்காது என்று நினைக்காதே. நாங்கள் வந்திருந்தபோது மகாத்மா புலே சந்தைக்குப் போனோமே, அங்கே எல்லாம் கிடந்தது. கொத்தவரங்காயைக் கவார் என்று கேள், முட்டைக்கோஸ் கோபி, பீன்ஸ் ஃபரஸ்பீ. கறிவேப்பிலை கடீபத்தா. கொங்கணக் கரைக்காரர்களும் நம்மைப் போலவே காய்மேல் தேங்காய் தூவுகிறவர்கள்தான். இதையே கன்னியாகுமரிப் பக்கம் துவரன் என்பார்கள், யாழ்ப்பாணத்தில் வறை, கர்நாடகத்தில் பல்யா. தென்னை நிற்கிற ஊரிலெல்லாம் இந்தக் கைப்பழக்கம் இருக்கிறது. நீ தனியாக எதையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இந்த மாதக் குளிரில் புனேயில் தேங்காய் எண்ணெய் கட்டியாக உறைந்திருந்தால் கெட்டுப்போனதென்று நினைத்துவிடாதே, 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையத்தான் செய்யும். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வை, இளகிவிடும்.

ஐயா, உன்னைச் சமையல்காரனாக்க நான் இதை எழுதவில்லை. வேலை முடிந்து ராத்திரி ஒன்பது மணிக்கு அறைக்கு வருகிறாய். கையில் வருவது யாரோ எவருக்காகவோ செய்த பார்சல். ஒரு பிடி சோறு, கொஞ்சம் தயிர், சட்டியிலிருந்து இறக்கிய பொரியல் என்று நீயே உனக்குச் செய்து உட்கார்ந்து சாப்பிட்டால், தூர ஊரில் உன்னை நீ பார்த்துக்கொள்கிறாய் என்ற நம்பிக்கை எங்களுக்கு வரும். எனக்கு அந்த மூன்று மாதத்தில் புரிந்ததும் இந்தக் கவனிப்புதான். 31 வருடம் என் தட்டில் விழுந்த சோற்றுக்குப் பின்னால் எவ்வளவு கவனிப்பு இருந்தது என்று அடுப்பு முன்னால் நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நீ அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டாம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பீன்ஸ் வாங்கி நறுக்கி வைத்துவிட்டு எங்களைக் கூப்பிடு. வீடியோ வேண்டாம். போனை ஸ்பீக்கரில் போட்டு, தீ படாத தூரத்தில் அடுப்பு மேடையில் வை. நீ பேச வேண்டியதில்லை. எப்போது உளுந்தம்பருப்புப் போட வேண்டும் என்று ஆச்சி இங்கிருந்தே சொல்வாள்.

இப்படிக்கு,
உன் தாத்தா.