பரம்பரையும் பாலொழுக்கமும்

"நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை" என்பது நம்மவர் வழக்கு. வாலிப வயதில் ஒரு பிள்ளை தவறி நடந்தால், "அது அவர்களுடைய இரத்தத்தில் ஊறியது" என்று அயலார் பேசுவதையும், அதனால் தங்கையின் கலியாணப் பேச்சுக்கூடக் குழம்பிப் போவதையும் நீங்கள் அறிவீர்கள். இப்பேச்சில் எவ்வளவு உண்மை உண்டு?

பரம்பரையின் விதிகளைக் கண்டறிந்தவர் ஒரு கத்தோலிக்கத் துறவியே. அகுஸ்தீன் சபைக் குருவான கிரகோர் மெண்டல், மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்து ஆராய்ந்து, 1866இல் தம் முடிவுகளை வெளியிட்டார். ஆனால் பட்டாணியின் நிறத்தைப்போல மனித நடத்தை ஒரேயொரு பரம்பரை அலகினால் அமைவதில்லை.

2016இல் கேம்பிறிட்ஜ் விஞ்ஞானிகள், பிரித்தானியாவில் ஒன்றேகால் இலட்சம் பேருடைய விபரங்களை ஆராய்ந்தார்கள். முதன்முதலாக உடலுறவு கொண்ட வயதோடு தொடர்புள்ள 38 பரம்பரைக் கூறுகளைக் கண்டார்கள். அவற்றுட் சில பூப்பெய்தும் காலத்தோடும், சில ஆபத்துக்குத் துணியும் சுபாவத்தோடும் தொடர்புடையவை. தனித்தனியே ஒவ்வொன்றின் செல்வாக்கும் மிகச் சிறிது. பரம்பரைக் கூறுகள் யாவற்றையும் சேர்த்துப் பார்த்தாலும், மனிதருக்கிடையே காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழக் காற்பங்கே பரம்பரையால் வருவது என அவர்கள் கணித்தார்கள்.

1997இல் வெளியான அவுஸ்திரேலிய இரட்டையர் ஆய்வும் கவனிக்கத்தக்கது. கட்டுப்பாடு மிகுந்த காலத்தில் வளர்ந்த மூத்த தலைமுறையினரிலும் பார்க்க, கட்டுப்பாடு தளர்ந்த காலத்தில் வளர்ந்த இளையவரிடத்தில் பரம்பரையின் பங்கு கூடுதலாகக் காணப்பட்டது. அப்படியானால், பிறவிச் சாய்வு எவ்வளவுக்கு வெளிப்படும் என்பதிலும் குடும்பத்துக்கும் சமூகத்துக்கும் பங்குண்டு அல்லவா?

திருச்சபையின் போதனை இதற்கு முரணானதன்று. சாய்வு வேறு, சம்மதம் வேறு. இயல்பாக எழும் உணர்ச்சி பாவமன்று. அறிந்து, மனம் பொருந்திச் செய்வதே பாவம். பழக்கம், பயம் முதலியன மனிதனின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்பதை 1992இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூலும் ஏற்கின்றது. ஆயினும் சுயாதீனத்தை அது மறுக்கவில்லை.

பெற்றோரே, பிள்ளைகள் எல்லோரும் ஒரே வேளையில் முதிர்வதில்லை. முந்திப் பருவமடையும் பிள்ளைக்கு முந்தியே விளக்கம் சொல்லுங்கள். துணிச்சல்காரப் பிள்ளையின் துணிவை விளையாட்டிலும் பொதுப்பணியிலும் திருப்பிவிடுங்கள். மகளுக்கு ஒரு நீதி, மகனுக்கு ஒரு நீதி வேண்டாம். பெற்றவளின் பழைய கதையைச் சொல்லிப் பிள்ளையைக் குத்திக் காட்டாதீர்கள். வேறெவரும் அப்படிப் பேச இடங்கொடாதீர்கள்.

இளைஞரே, யுவதிகளே, உங்கள் சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று புனித சின்னப்பர் கொரிந்தியருக்குக் கற்பித்தார். பரம்பரை உங்களுக்குச் சுபாவத்தைத் தரலாம்; அந்தச் சுபாவத்தோடு எப்படி வாழ்வது என்பதை உங்களுக்காக அது தீர்மானிப்பதில்லை. "நான் பிறந்த விதம் அப்படி" என்று சாட்டுச் சொல்லவும் வேண்டாம். "எனக்கு விமோசனமில்லை" என்று சோர்ந்து போகவும் வேண்டாம். செபமும் பாவசங்கீர்த்தனமும் நல்ல நட்பும் உங்களுக்குத் துணையாக இருக்கின்றன.