கண்ணைக் கசக்கும் பழக்கம்

சிரஞ்சீவி ராகவனுக்கு,

உன் தங்கையின் விவாகத்தன்று, எல்லோரும் பந்திக்கு எழுந்த வேளையில், நீ தூணோரம் ஒதுங்கி நின்று விரல்முட்டிகளால் இரு கண்களையும் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்ததையும், அவ்வாறு தேய்த்துத் தேய்த்தே உன் புருவங்களின் வெளிக்கோடியில் மயிர் உதிர்ந்து போயிருப்பதையும் பார்த்தேன்; ஆயுளெல்லாம் கண் வைத்தியமே பார்த்தவனாகையால், இதை எழுதாதிருக்க மனம் ஒப்பவில்லை.

பால்யம் முதல் உன்னை வாட்டும் கரப்பானைச் சருமத்தோடு நின்றுவிடும் வியாதியென்று நீ எண்ணியிருக்கிறாய். முழங்கை மடிப்பைப் பற்றிய அதே அழற்சி இமைகளையும், அவற்றின் உட்புறத்து மெல்லிய சவ்வையும் பற்றக்கூடும். இவ்வியாதியுள்ளவர்களுக்கு இளவயதிலேயே கண்புரை உண்டாவதை ஆண்டாக்ஸ்கி என்பவர் 1914-லேயே எழுதிவைத்தார். 1980-ல் ஹானிஃபினும் ராஜ்காவும் இவ்வியாதியை நிர்ணயிக்க வகுத்த லட்சணங்களிலும் கண்புரையும் கருவிழிக் கூம்பலும் இடம்பெற்றன.

அந்தக் கூம்பலைப் பற்றியே எனக்கு அதிகக் கவலை. நடுவில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனமே உள்ள கருவிழி, வருஷக்கணக்கில் கசக்கப்பட்டால், மெலிந்து முன்புறம் பிதுங்கி, எந்தக் கண்ணாடி போட்டாலும் எழுத்துகள் நிழலாடும் நிலைமைக்கு வந்துவிடக்கூடும். ரிபோஃப்ளேவின் சொட்டுமருந்தும் புற ஊதாக் கதிரும் கொண்டு செய்யும் சிகிச்சை மேற்கொண்டு பிதுங்காமல் தடுக்குமேயன்றி, போன வடிவத்தை முழுவதும் மீட்டுத் தருவதில்லை. நமைச்சல் தாளாமல் கண்ணில் அறைந்துகொள்வோருக்கு விழித்திரையே கழன்றுவிடுவதும் உண்டு.

இன்னொன்று: மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கி இமைமேல் நீ தடவிவரும் அந்த ஸ்டீராய்டு களிம்பு. அரிப்பு உடனே அடங்குவது மெய்தான். ஆனால் மாதக்கணக்கில் தொடர்ந்தால், வலியோ சிவப்போ காட்டாமல் கண்ணின் உள்ளழுத்தம் ஏறிப் பார்வை நரம்பைத் தின்னும், புரையையும் வளர்க்கும். வைத்தியர் குறித்த அளவில், குறித்த நாள்வரை போடுவதற்கு நான் விரோதியல்ல. இமையில் தடவத்தக்க, ஸ்டீராய்டு கலவாத டாக்ரோலிமஸ் களிம்பும் இருக்கிறது, கேட்டுப் பார்.

நமைச்சல் எழும்போது, குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியை மூடிய இமைகள்மேல் வைத்துக்கொள். என்றைக்காவது ஒரு கண் மட்டும் வலித்து, நீர் வடிந்து, பார்வை மங்கினால் அன்றைய தினமே வைத்தியரிடம் போ. அக்கி வகைக் கிருமி கருவிழியில் புண்ணாக்குவது இந்தச் சருமமுள்ளவர்களிடம் அதிகம்.

இந்த மாதத்திற்குள் கண் அழுத்தத்தையும் கருவிழியின் வடிவத்தையும் அளந்து பார்க்கச் சொல்லி, வந்த அளவுகளை எனக்கு எழுது.

இப்படிக்கு,
பெரியப்பா